முன்னால் ஒரே ஒரு ஸ்கீ: உங்கள் பனிக் கிட் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மூன்று சக்கர ஏடிவிக்கான பனிக் கிட்டில் உள்ள பாதுகாப்புக் குறைபாடு, விற்பனையை நிறுத்தக் கோருவது, பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த நவம்பர் மாதம் உங்கள் நிறுவனத்திடமிருந்து மூன்று சக்கர ஏடிவிக்கான (கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் மோட்டார் வண்டி) பனிக் கிட் ஒன்றை வாங்கினேன். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கீ (சறுக்குப் பலகை), பின் டயர்களுக்கு ஒரு ஜோடிச் சங்கிலி, கார்புரேட்டருக்கு ஒரு மெயின் ஜெட் (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைப் பாகம்), பன்னிரண்டு பக்கக் கையேடு ஆகியவை பெட்டியில் இருந்தன. ஜனவரி மூன்றாம் வாரத்தில் அந்த ஸ்கீயின் நுனி பனியில் குத்தி வண்டி என் மேல் கவிழ்ந்தது. இடது காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டபடி இருந்தேன். இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதில்களைப் படித்த பிறகு, நடந்ததை முழுவதுமாக எழுதினால்தான் உங்களுக்குப் புரியும் என்று தோன்றியது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். என்னுடையது 1980-களில் வந்த 200 சிசி வண்டி. பொழுதுபோக்குக்காக மட்டும் நான் அதை ஓட்டுவதில்லை. குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பாதை பனியில் மூடிவிடும். விறகு, எண்ணெய் கேன், மளிகை எல்லாவற்றையும் ஒரு சறுக்கு வண்டியில் ஏற்றி, இதன் பின்னால் கட்டி இழுத்து வருவோம். பெரிய பலூன் டயர்கள் என்பதால் லேசான பனியில் தடையில்லாமல் போகும். முழங்கால் அளவுக்குப் பனி விழுந்துவிட்டால் முன் சக்கரம் உழுவதுபோல் புதைந்துகொண்டு நகர மறுக்கும். அதற்காகத்தான் ஸ்கீ வாங்கினேன். சக்கரம் தோண்டும், ஸ்கீ மிதக்கும் என்ற அடிப்படையில் எனக்கு இன்றும் எந்தச் சந்தேகமும் இல்லை. யோசனை நல்லது. நீங்கள் அதைச் செய்து கொடுத்த விதத்தில்தான் எனக்குப் புகார்.

இந்த வகை வண்டிக்கும் பனிக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஹோண்டா 1970-ல் முதல் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்ததே, குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும் அமெரிக்க டீலர்களுக்கு விற்க ஏதாவது வேண்டும் என்ற தேவையில்தான். அப்புறம் விபத்துகள் பெருகின. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக அந்நாட்டு அரசு தொடுத்த வழக்கில் 1988-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் அங்கே மூன்று சக்கர ஏடிவி விற்பதை நிறுத்தினார்கள். இன்று ஓடிக்கொண்டிருக்கும் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவை நாற்பது வயதை ஒட்டியவை. என்னைப் போன்றவர்கள் உங்களைப் போன்ற உதிரிபாக நிறுவனங்களை நம்பித்தான் இவற்றை ஓட்டுகிறோம். இதை நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. கவிழும் என்று பெயரெடுத்த வண்டிக்கு ஒரு பாகம் செய்பவர், மற்ற வண்டிகளுக்குச் செய்பவரைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது விபத்துக்கு வருகிறேன்.

ஸ்கீ ஒரே ஒரு போல்ட்டில், ஒரு புஷ்ஷின் மேல், முன்னும் பின்னும் ஆடும்படி மாட்டப்பட்டிருக்கிறது. ஆடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் தரையோடு படியாது. ஆனால் எவ்வளவு ஆடலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். உங்கள் ஸ்கீயில் அது இல்லை. நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கிட்டை வண்டியில் மாட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தை ஓர் அடி தூக்குங்கள். ஸ்கீயின் நுனி நேராகக் கீழே தொங்கிவிடும். போல்ட் துளை நடுவில் இருக்கிறது, வளைந்த நுனிப்பகுதியோ தடித்துக் கனமாக இருக்கிறது. அப்படியிருந்தால் வேறு எப்படி நிற்கும்? துளையைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்திருந்தால் வால் கனமாகி நுனி தானாக மேலே நிற்கும். அல்லது ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் ஸ்டாப்பர், ஏன், ஒரு பட்டை கட்டியிருந்தால்கூடப் போதும்.

அன்று நான் போனது வேகமாக அல்ல. மிதமான இறக்கம். பனிக்கு அடியில் இருந்த ஒரு சிறு பள்ளத்தின் விளிம்பில் முன்பக்கம் ஒரு கணம் எழும்பி இறங்கியது. அந்த ஒரு கணத்தில் நுனி தொங்கிவிட்டது. இறங்கும்போது ஸ்கீ படுத்து இறங்கவில்லை, கடப்பாரை மாதிரிக் குத்தி இறங்கியது. வண்டி அங்கேயே நின்றது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போனேன், பின்பக்கம் எழும்பி என் தோளில் விழுந்தது. பின்னால் கட்டியிருந்த விறகு வண்டி தடுத்திராவிட்டால் முழு எடையும் என் மேல் வந்திருக்கும்.

உங்கள் கையேட்டின் நான்காம் பக்கப் படத்தில், ஃபோர்க்குக்கும் ஸ்கீக்கும் நடுவே ஒரு ரப்பர் ஸ்டாப்பர் தெளிவாகத் தெரிகிறது. பாகங்களின் பட்டியலில் அது ஏழாவது. என் பெட்டியில் அது இல்லை. மாட்டும்போதே கவனித்து, நவம்பரிலேயே முதல் மின்னஞ்சலில் கேட்டேன். "அந்தப் பாகம் இரண்டு ஸ்கீ உள்ள வண்டிகளுக்கானது, உங்கள் மாடலுக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தது. நானும் நம்பினேன். உங்களுக்கு வண்டி தெரியும், எனக்கு என் பாதைதான் தெரியும் என்று நினைத்தேன்.

அந்தப் பதிலைத்தான் நான் இன்னும் ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன். முன்னால் இரண்டு ஸ்கீ உள்ள வண்டியில் ஒன்று தவறினாலும் இன்னொன்று தாங்கும். மூன்று சக்கர வண்டியில் முன்னால் இருப்பது ஒன்றே ஒன்று. திரும்புவது அதன் பொறுப்பு, மிதப்பது அதன் பொறுப்பு, முன்பக்க எடையைச் சுமப்பதும் அதன் பொறுப்பு. ஸ்டாப்பர் மிக அதிகமாகத் தேவைப்படும் வண்டிக்குத்தான் அது தேவையில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள்.

விபத்துக்கு முன்பே வேறு சில விஷயங்கள் எனக்கு உறுத்தலாக இருந்தன. ஸ்கீயின் அடிப்பக்கம் மழமழவென்று தட்டையாக இருக்கிறது. பனியைப் பிடித்துத் திருப்ப நீளவாக்கில் புடைத்த ஒரு விளிம்பு இல்லை, இரும்புக் கம்பி இல்லை. புதுப் பனியில் தெரியாது. பாதை இறுகிய பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்குகிறதே தவிர, வண்டி திரும்புவதில்லை. இந்த வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே தண்டு. டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றி வண்டியை நேராகவே தள்ளும். அதில் சங்கிலியையும் மாட்டினால் பின்பக்கப் பிடிப்பு இன்னும் கூடி, முன்பக்கத்தை இன்னும் பலமாகத் தள்ளும். உங்கள் சங்கிலி நல்ல சங்கிலி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் பிடிப்பைக் கூட்டும் பொருளையும், முன்னால் பிடிப்பே இல்லாத பொருளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கும்போது யாராவது ஒருவர் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

பிரேக் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றினால் முன் பிரேக்கும் போய்விடும். மாட்டுகிறவருக்கு அது தெரியத்தானே செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். தெரியும். ஆனால் இறக்கத்தில் பதற்றத்தில் கை பழக்கப்படி முன் பிரேக் லீவரைத்தான் பிடிக்கும். அந்த லீவரைக் கழற்றிவிடுங்கள், பின் பிரேக்கை மட்டும் வைத்து நிற்கப் பழகுங்கள், டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் அதுவும் வேலை செய்யாது, புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள் என்று நான்கு வாக்கியம் அச்சிட உங்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

அடுத்து, டயர் காற்று. கையேடு "2.2 பிஎஸ்ஐ காற்று நிரப்பவும்" என்று மட்டும் சொல்கிறது. எங்கே, எந்தக் குளிரில் என்று சொல்லவில்லை. நான் சூடான ஷெட்டுக்குள், ஏறக்குறைய 20 டிகிரியில் நிரப்பினேன். வெளியே மைனஸ் 15. அரை மணி நேரத்தில் இரண்டு டயரும் தளர்ந்து சுருங்கிவிட்டன. ஓட்டை என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் தடவித் தேடினேன், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தத்தில் ஏற்படுவது. மொத்தம் ஏறத்தாழ 16.9 பிஎஸ்ஐ. 35 டிகிரி இறங்கினால் அது 14.9 அளவுக்கு வந்துவிடும். வளிமண்டலத்தின் பங்கு 14.7. ஆக டயரில் மிஞ்சுவது 0.2. காருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. 32 பிஎஸ்ஐ வைத்தவருக்கு 26 மிஞ்சும். 2.2 வைத்தவருக்கோ கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. அந்த நிலையில் ஓட்டினால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், சங்கிலியும் சுழன்று நழுவும். "வண்டியை வெளியே குளிரவிட்டு அங்கேயே காற்றுப் பிடிக்கவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும். பனிக்கென்று எழுதிய கையேட்டில் குளிரைப் பற்றி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வண்டியில் இருந்தது 102-ஆம் எண் ஜெட். நீங்கள் அனுப்பியது 98, அதாவது அதைவிடச் சிறியது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. நான் சொன்ன அதே வெப்பநிலைகளில் 13 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி கூடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதாவது ஜெட் பெரிதாக வேண்டும். சிறிய ஜெட் உயரமான மலைப் பகுதிகளில் போடுவது. கிடங்கில் பெட்டி மாறியிருக்கலாம், அது மனிதர்கள் செய்யும் தவறுதான். ஆனால் இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தபோது ஸ்பார்க் பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

விபத்துக்குப் பிறகு வந்த உங்கள் இரண்டாவது பதில், "மாற்றங்கள் செய்யப்பட்ட வண்டிக்கு உத்தரவாதம் பொருந்தாது" என்று சொல்கிறது. அந்த வண்டியில் நான் செய்த ஒரே மாற்றம் உங்கள் கிட்டை உங்கள் கையேட்டின்படி மாட்டியதுதான். மாட்டும்போது எடுத்த படங்கள், போல்ட் முறுக்கிய அளவுகள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நகல்களை இதோடு அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கை சரியான பிறகு நானே சிலவற்றைச் செய்தேன். பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி, ஸ்கீயின் நுனியை ஃபோர்க்கோடு கட்டினேன். இப்போது முன்பக்கத்தைத் தூக்கினால் நுனி ஒரு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. பத்து மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒன்றின் இரு முனைகளையும் வளைத்து, மரை போட்டு, ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் நட் போட்டு இறுக்கினேன். இறுகிய பனியிலும் வண்டி சொன்ன பக்கம் திரும்புகிறது. ஜெட் 108 போட்டேன், பிளக் இளம்பழுப்பாக இருக்கிறது. மொத்தத்தில் ஒரு மதிய நேர வேலை. ஓர் ஆள் ஷெட்டில் ஒரு மதியத்தில் செய்ய முடிந்ததை உங்கள் தொழிற்சாலை செய்யாமல் விட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

கிட்டுக்குக் கொடுத்த முழுத் தொகையையும் மருத்துவச் செலவையும் கேட்கிறேன், ரசீதுகள் இணைப்பில் உள்ளன. ஆனால் பணம் கிடைத்துவிட்டால் இது முடிந்துவிடாது. ஸ்டாப்பர் இல்லாத ஸ்கீயை மூன்று சக்கர வண்டிக்கு விற்பதை உடனே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே வாங்கிய ஒவ்வொருவருக்கும் நீங்களே தொடர்புகொண்டு, ஸ்டாப்பர் வரும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் முகவரி உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. கையேட்டில் பிரேக், டயர் காற்று, ஜெட் பற்றிய பகுதிகளைத் திருத்த வேண்டும். அதற்கு என் அளவுகளும் படங்களும் உதவும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் தர வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் போவேன். அந்த ஸ்கீ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் எந்த நாளும் வரலாம், வண்டியையும் ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கிட் வாங்கிய ரசீது, மருத்துவமனை ரசீதுகள், மாட்டும்போது எடுத்த படங்கள், இரண்டு மின்னஞ்சல்களின் நகல்கள்