மூன்று முறை கையில் எடுத்த ஒரே பாட்டு

மதிப்பிற்குரிய ஜோசஃப் பெடியே ஐயா அவர்களுக்கு,

பழைய பிரெஞ்சு இலக்கியத்தை ஆராய்ந்த நீங்கள் மறைந்தது 1938இல். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நன்றி.

ழான் ரெனார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய 'நிழல் பாட்டை' உங்களால்தான் படித்தேன். கிணற்றடியில் அந்தப் பெண், தன்னைக் காதலிக்கும் வீரனின் மோதிரத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அவனும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, உனக்கு அடுத்தபடியாக நான் நேசிக்கும் பெண்ணுக்கு இதைத் தருகிறேன் என்கிறான். யார் அவள் என்று இவள் பதறுகிறாள். தண்ணீரில் தெரியும் அவளுடைய நிழலுக்கே மோதிரத்தைப் போடுகிறான். நீர் லேசாகக் கலங்கித் தெளிகிறது. அவள் மனம் இளகிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

ஆயிரம் அடிகூட இல்லாத இந்தப் பாட்டுக்கு ஏழு சுவடிகள், ஏகப்பட்ட பாடபேதங்கள். 1890இல் முதன்முதலாகப் பதிப்பித்தபோது ஜெர்மன் அறிஞர் லாக்மானின் முறையைத்தான் பின்பற்றினீர்கள். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் அவை ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை. இப்படியே வம்ச மரம் போட்டுக்கொண்டு போனால் தொலைந்த மூலபாடத்தை எட்டிவிடலாம் என்பது கணக்கு. உங்கள் மரத்துக்கு இரண்டு கிளைகள். உங்கள் ஆசிரியர் காஸ்தோன் பாரி அதே சுவடிகளை வைத்து மூன்று கிளைகள் போட்டுக் காட்டினார்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். நீங்கள் 1913இல் திரும்பவும் அதே பாட்டை எடுத்தீர்கள். 1928இல் மறுபடியும். மற்றவர்கள் போட்ட மரங்களையும் எண்ணிப் பார்த்தீர்கள்: 110இல் 105க்கு இரண்டே கிளைகள்! மூன்று கிளை இருந்தால் இரண்டு சேர்ந்து மூன்றாவதைத் தோற்கடித்துவிடும், பதிப்பாசிரியருக்கு வேலை இல்லை. இரண்டு என்றால், எந்தப் பாடம் சரி என்று அவரே தன் ரசனைப்படி முடிவுசெய்யலாம். தெரியாமலேயே எல்லோருடைய கையும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. உங்கள் கையும்தான். அதை அச்சில் ஒப்புக்கொண்டு, இனி நல்ல சுவடி ஒன்றைத் தேர்ந்து கூடியவரை அதன்படியே பதிப்பிப்போம் என்றீர்கள். ஏடெழுதியவரின் வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த அறிஞர்கள் அதற்கு முன் குறைவு.

சரி, செய்திக்கு வருகிறேன். 778இல் பிரெனீஸ் மலையின் ரோன்செவோ கணவாயில் மன்னர் சார்லமேனின் தளபதி ரோலான் விழுந்ததுமே பாட்டுகள் பிறந்து, வாய்வழியாகவே வளர்ந்தன என்ற உங்கள் ஆசிரியரின் கருத்தை, 1908 முதல் 1913 வரை நான்கு தொகுதிகள் எழுதி மறுத்தீர்கள். 11ஆம் நூற்றாண்டில் யாத்திரைப் பாதைகளில், மடங்களின் நிழலில், துறவிகளும் பாணர்களும் சேர்ந்து உருவாக்கியவை இந்தக் காவியங்கள் என்றீர்கள். ரோலான் காவியத்துக்கு நீங்கள் சொன்ன காலம் 1100ஐ ஒட்டியது.

1953இல் ஸ்பானிய அறிஞர் தாமாசோ அலோன்சோ ஒரு குறிப்பை வெளியிட்டார். ஸ்பெயினின் சான் மில்யான் மடத்துச் சுவடியில், கொச்சையான லத்தீனில் எழுதிய சில வரிகள். 11ஆம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியைச் சேர்ந்தவை. சார்லமேன் சரகோசாவுக்கு வந்தது, படை திரும்பும்போது ரோலானை சரசேனியர், அதாவது முஸ்லிம் படையினர், கொன்றது எல்லாம் அதில் இருக்கிறது. பிரெஞ்சுக் காவியங்களில் வரும் ஒலிவியே, பிஷப் துர்பென், 'வளைமூக்கு' கியோம் எல்லோரும் ஏற்கெனவே ஒன்றாக நிற்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள சுவடியில் நாம் படிக்கும் ரோலான் காவியத்துக்கு முன்பே கதை ஊர் ஊராகப் போயிருக்கிறது.

உங்கள் கொள்கைக்கு இது பெரிய அடி, மறைக்க முடியாது. ஆனால் அந்த மடம் சந்தியாகோ யாத்திரைப் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஐயா. காலக்கணக்கு தவறியது, பாதை தவறவில்லை என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் தவறை நீங்களே எண்ணிக் காட்டியவர். இந்தச் சில வரிகளை உங்கள் முன் வைத்திருந்தால் நான்காவது முறையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்