0.4 மி.மீ. பிட்டுக்கு ஒரு போர்டு: மகளுக்குக் கடிதம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

மண் காய்ந்தால் பம்பை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டுக்காக நீ கீகேட்டில் (போர்டு வரையும் மென்பொருள்) வரைந்து அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். சர்க்யூட்டில் குறை ஒன்றும் இல்லை. 12 வோல்ட் வருகிறது, 78எல்05 ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது, ஏடிடைனி 412 மைக்ரோகன்ட்ரோலர் சிப் மண்ணின் ஈரத்தைப் படித்து, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டைத் திறக்கிறது, பம்ப் ஓடுகிறது. பம்புக்குக் குறுக்கே டையோடு, மாஸ்ஃபெட்டின் கேட் காலைக் கிரவுண்டோடு இணைக்கும் 10 கிலோ ஓம் புல்டவுன் ரெசிஸ்டர் எல்லாம் மறக்காமல் போட்டிருக்கிறாய். லேஅவுட்தான், அதாவது பாகங்களையும் செம்புத் தடங்களையும் போர்டில் அடுக்கிய விதம்தான், இடிக்கிறது. ஃபேக்டரிக்கு அனுப்பும் போர்டு மாதிரி வரைந்திருக்கிறாய். உங்கள் லேபில் இருப்பதோ மில்லிங் மிஷின்.

ஃபேக்டரியில் படம் பதித்து, வேண்டாத செம்பை ரசாயனத்தால் கரைக்கிறார்கள். திரவம் எந்தச் சந்திலும் நுழையும். மில்லிங்கில் ஒரு பிட் சுழன்றுகொண்டே போய்ச் செம்பைச் சுரண்டுகிறது. அதன் அகலத்தைவிடக் குறுகிய சந்துக்குள் அது போகாது, போகாத இடத்தில் செம்பு அப்படியே நிற்கும், இரண்டு பேடும் (பாகத்தின் காலை ஈயத்தால் ஒட்டும் செம்பு இடங்கள்) ஒட்டியே இருக்கும். பாதை போடும் மென்பொருள் பெரும்பாலும் இதைச் சொல்லாது. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் பெட்டியில் இருக்கும் பிட்டை முதலில் எடுத்துப் பார், அதன் அகலத்தை வைத்து விதிகளை எழுது, அதற்குப் பிறகு முதல் தடத்தை வரை.

உங்கள் லேபில் 1/64 அங்குல எண்ட் மில் இருக்கிறது என்றாய். அது 0.397 மி.மீ. ஆனால் பிட்டைப் பிடிக்கும் கோலெட்டில் அது துளி கோணலாக உட்கார்ந்தாலும் வெட்டு அகலமாகிவிடும், 0.42, 0.43 என்று வரும். கீகேட் இயல்பாக வைத்திருக்கும் கிளியரன்ஸ், அதாவது இரண்டு செம்புகளுக்கு நடுவே விடும் குறைந்தபட்ச இடைவெளி, 0.2. நீ அதை மாற்றவே இல்லை. போர்டு செட்டப்பில் நெட் கிளாஸுக்குப் போய்க் கிளியரன்ஸை 0.45, தடத்தின் அகலத்தை 0.5 என்று வை. 0.4 அகலத் தடமும் வெட்டி எடுக்கலாம், ஆனால் அடியில் பசை பலமாக இல்லாத இடத்தில் சால்டரிங் சூடு பட்டதும் உரிந்து வரும். மாற்றிய கையோடு, விதிமீறல்களைத் தேடும் டிஆர்சியை ஓட்டு. நிறையப் பிழை காட்டும், பயப்படாதே. ஒவ்வொன்றும் மிஷினில் ஷார்ட்டாகப் போகிற இடம்.

முதலில் காட்டப்போவது 78எல்05. அதன் டிஓ-92 கூட்டுக்கான ஃபுட்பிரிண்டில் (போர்டில் அது உட்காரும் பேடுகளின் அமைப்பு) கால்களின் இடைவெளி 1.27 மி.மீ., பேடின் அகலம் 1.05. நடுவே மிஞ்சுவது 0.22 மட்டும். இதே கூட்டுக்கு ‘இன்லைன் வைட்’ என்று இன்னொரு ஃபுட்பிரிண்ட் கீகேட்டிலேயே இருக்கிறது. அதில் கால்கள் 2.54 தள்ளி நிற்கும். பாகத்தின் இரு ஓரக் கால்களை மெல்ல விரித்துச் செருகினால் போதும்.

ஏடிடைனி 412-ஐத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. எஸ்ஓஐசி-8 கூட்டில் கால் இடைவெளி 1.27, பேட் 0.6, நடுவே 0.67. பிட் தாராளமாகப் போகும். இரண்டு பேடுகளுக்கு நடுவே ஒரு தடத்தை நுழைக்க மட்டும் நினைக்காதே, அதற்கு 0.45, 0.5, 0.45 சேர்த்து 1.4 வேண்டும். சிப்பின் வயிற்றுக்கு அடியில் இரண்டு வரிசைப் பேடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இருக்கிறது. அங்கே இரண்டு தடங்கள் சௌகரியமாகப் போகும், மூன்று போகாது. பின்னாளில் நாலு பக்கமும் கால் உள்ள 0.8 இடைவெளி டிக்யூஎஃப்பி சிப் தேவைப்பட்டால் பேடின் அகலத்தை நீயே 0.35-க்குக் குறைத்துக்கொள். 0.5 இடைவெளிச் சிப்புகளை இந்தப் பிட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

நுனி கூம்பிய வி-பிட் வைத்தால் இன்னும் மெல்லிய சந்து வெட்டலாமே என்று கேட்பாய். வெட்டலாம். ஆனால் அதன் அகலம் ஆழத்தோடு மாறும். நுனி 0.1, கோணம் 30 டிகிரி என்றால் 0.1 மி.மீ. ஆழத்தில் வெட்டு 0.15 வரும், 0.2 ஆழத்தில் 0.21. அதுவே 60 டிகிரி பிட்டானால் 0.22-இலிருந்து 0.33-க்குத் தாவும். போர்டு ஒரு மூலையில் கொஞ்சம் தூக்கியிருந்தால் அந்த மூலையின் தடங்கள் மட்டும் மெலிந்து போகும். எண்ட் மில்லின் பக்கச் சுவர் நேராக இருப்பதால் ஆழம் கொஞ்சம் மாறினாலும் அகலம் மாறாது. பழகும்வரை எண்ட் மில்லே இருக்கட்டும். அது சுலபமாக ஒடியும் என்பது உண்மை. கோலெட்டை இறுக்கும்போது நுனி பலகையில் முட்டாமல் பார்த்துக்கொள், ஊட்டத்தை (பிட் நகரும் வேகத்தை) நிமிடத்துக்கு 150 மி.மீ.யில் தொடங்கு.

கிரவுண்ட் செம்பு, அதாவது தடங்களைச் சுற்றி வெட்டாமல் விட்டுக் கிரவுண்டோடு சேர்க்கும் பரப்பு, அந்த விஷயத்தை நிதானமாகப் படி. செம்பை அப்படியே விட்டுவிடுவதில் மிஷினுக்குச் செலவே இல்லை, வெட்டுவதற்குத்தான் நேரம் ஆகும். ஆகவே கிரவுண்ட் பரப்பு போடுவது சரி. நீ அதைச் சுற்றி 1 மி.மீ. இடைவெளி வைத்திருக்கிறாய். பாதுகாப்புக்கு என்றுதான் வைத்திருப்பாய், ஆனால் வினையே அங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்றில் பிட் பேடைச் சுற்றி 0.4 வெட்டும், எதிரே கிரவுண்ட் பரப்பின் ஓரத்தையும் 0.4 வெட்டும். 1 மி.மீ. சந்தில் இரண்டும் போக நடுவில் 0.2 அகலத்தில் மயிரிழை மாதிரி ஒரு செம்புக் கீற்று நிற்கும். அந்த ஒல்லிக்குப் பசை பிடிப்பே கிடையாது. தேய்க்கும்போதோ சால்டர் பண்ணும்போதோ கிளம்பி வந்து, எங்காவது குறுக்கே விழுந்து ஷார்ட் பண்ணும். சந்து 0.7 என்று இருந்தால் இரண்டு வெட்டும் 0.1 அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்து சுத்தமாகிவிடும். எனவே எந்த இடைவெளியும் 0.45-க்கும் 0.7-க்கும் நடுவே இருக்கட்டும், இல்லாவிட்டால் 1.3-க்கு மேலே போகட்டும். 0.8-இலிருந்து 1.2 வரை உள்ள அகலங்களைத் தவிர்த்துவிடு. கிரவுண்ட் பரப்புக்கு 0.7 போடு. சால்டர் மாஸ்க் (ஈயம் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) இல்லாத போர்டில் ஈயம் பக்கத்துச் செம்புக்கு வழிவதும் 0.45-ஐவிட இதில் குறைவு.

போர்டு ஒரு பக்கச் செம்புதான். துளைக்குள் செம்பு பூச்சு வராது என்பதை ஒவ்வொரு பாகத்தை வைக்கும்போதும் நினைத்துக்கொள். டெர்மினல், மாஸ்ஃபெட், டையோடு, 78எல்05 எல்லாம் மேலிருந்து செருகி, கீழே செம்புப் பக்கத்தில் ஈயம் வைப்பவை. ஏடிடைனியும் காலில்லாத 1206 அளவு ரெசிஸ்டர்களும் அந்தச் செம்புப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நீ சிப்பை மேல் லேயரிலேயே விட்டிருக்கிறாய். அதை அப்படியே கண்ணாடிப் பிம்பமாக வெட்டினால் முதல் காலும் எட்டாம் காலும் இடம் மாறும், அதாவது விடிடியும் (5 வோல்ட் வரும் கால்) கிரவுண்டும் மாறும். சிப்பைக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும். அந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கீழ் லேயருக்குப் புரட்டு. பிறகு கீழ்ச் செம்பில் ‘2’ என்ற எண்ணை 2 மி.மீ. உயரத்தில் எழுதி வை. கீகேட் திரையில் அது திரும்பித் தெரிய வேண்டும், ஃபிளாட்கேமில் (வெட்டும் பாதை போடும் மென்பொருள்) புரட்டிய பிறகு நேராகத் தெரிய வேண்டும். செம்பு, துளை, வெளிக்கோடு மூன்றையும் ஒரே அச்சில் புரட்டு. செம்பை மட்டும் புரட்டித் துளையை மறந்தால் துளைகள் எல்லாம் தடங்களின் மேல் விழும்.

ஒற்றை லேயரில் குறுக்கே போக வழியில்லாத இடத்தில் 1206 அளவு ஜீரோ ஓம் ரெசிஸ்டரைப் பாலமாக வை. அதன் பேடுகளுக்கு நடுவே 1.8 மி.மீ. உண்டு. அடியில் ஒரு தடம் போகும், இரண்டு போகாது. உன் படத்தில் 0805 போட்டிருக்கிறாய், அதில் ஒன்றுகூட நுழையாது.

வைக்கும் ஒழுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்ப் 2 ஆம்பியர் இழுக்கிறது. 35 மைக்ரான் செம்பில் 10 டிகிரி சூடு ஏறலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 0.8 மி.மீ. அகலமே போதும். இங்கே செம்பு சும்மா கிடைப்பதால் 2.5 போட்டுவிடு. அகலத்தைவிட வழிதான் முக்கியம். அந்த 2 ஆம்பியர் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலிருந்து நேராக 12 வோல்ட் டெர்மினலின் கிரவுண்டுக்குத் திரும்பட்டும். சிப்பின் கிரவுண்ட் வழியாக அது சுற்றிக்கொண்டு போனால் பம்ப் ஓடும்போதெல்லாம் ஈரப்பத அளவு ஆடும். டெர்மினல், டையோடு, மாஸ்ஃபெட் மூன்றையும் ஒரே ஓரத்தில் கூட்டி வை. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சிப்பை ஒட்டி நிற்கட்டும். 412-இல் விடிடியும் கிரவுண்டும் ஒரே முனையில் எதிரெதிரே இருப்பதால் 1206 அங்கே அழகாகப் பொருந்தும். தடங்கள் குறுக்கே ஓடிக் கிரவுண்ட் பரப்பைத் துண்டாக்கியிருக்கிறதா என்றும் பார், உன் படத்தில் எட்டாம் கால் தனித் தீவில் நிற்கிறது.

துளைகளுக்குத் தனி டிரில் பிட்டுகளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வெளிக்கோடு வெட்டும் 0.8 எண்ட் மில்லே வட்டமாகச் சுற்றித் துளையையும் அரைத்துவிடும். துளை 0.8-ஐவிடப் பெரிதாக இருந்தால்தான் அது நடக்கும், அதனால் மிகச் சிறியதே 1.0 என்று வை. ஹெடரின் (கம்பி செருகும் ஊசி வரிசை) கால் 0.64 சதுரம், மூலைக்கு மூலை 0.9, ஆக 1.0 சரி. மாஸ்ஃபெட்டுக்கும் டெர்மினலுக்கும் 1.3, 1என்5822 டையோடின் கால் தடிமன் என்பதால் 1.5. பேடை 2 மி.மீ.க்குக் குறைக்காதே, டையோடுக்கு 3 வை. துளைக்குள் பூச்சு இல்லாததால் கம்பியை இழுத்தால் அந்த வளையத்தின் பசை மட்டும்தான் தாங்கும்.

வெட்டும்போது தட ஆழம் 0.1 மி.மீ. செம்பு 0.035-தான், மிச்சமெல்லாம் மேடுபள்ளத்துக்கு. நான்கு மூலையிலும் நுனியால் தொட்டுப் பார். வித்தியாசம் 0.05-க்கு உள்ளே இருந்தால் தொடங்கு, இல்லையென்றால் டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டு. இரட்டைப் பக்க டேப்பின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அங்கே போர்டு தூக்கும். முதலில் தடம், அடுத்து துளை, கடைசியில்தான் வெளிக்கோடு. வெளிக்கோடு வெட்டியதும் போர்டு அசையலாம், அதற்குப் பிறகு எதுவும் நேராக வராது. 1.6 மி.மீ. போர்டுக்கு 0.6 வீதம் மூன்று தடவையில் 1.8 ஆழம் போ, அடியில் வீணாகப் போகும் பலகை ஒன்றைப் போட்டுவிட்டு. செம்பு ஓரத்திலிருந்து 1 மி.மீ. உள்ளே நிற்கட்டும்.

போர்டு எஃப்ஆர்1-ஆ எஃப்ஆர்4-ஆ என்று நீ சொல்லவில்லை. கேட்டு வாங்கு. எஃப்ஆர்1 காகிதமும் ஃபீனாலிக் பிசினும், அறுத்த ஓரம் பழுப்பாக இருக்கும். எஃப்ஆர்4-இல் கண்ணாடி இழை. அது பிட்டை மழுக்கும், தூள் நுரையீரலுக்குக் கேடு. சின்ன வயதிலிருந்தே உனக்கு இருமல் பிடித்தால் விடாது, எஃப்ஆர்4 மட்டும்தான் இருக்கிறது என்றால் வெட்டாதே, எஃப்ஆர்1 வரும்வரை பொறுத்திரு. எஃப்ஆர்1 வெட்டும்போதும் முகக்கவசம் போடு, தூளை ஊதாதே, வேக்குவமால் இழு. எஃப்ஆர்1-க்குச் சூடு தாங்காது. 340 டிகிரியில் ஒரு பேடில் 2, 3 விநாடிக்கு மேல் முனையை வைக்காதே, பேட் எழும்பிவிடும். ஈயம் வைப்பதற்கு முன் பச்சை ஸ்க்ரப்பரால் தேய்த்து ஐசோபுரோபைலால் துடை, விரல் படாமல் பிடி. பிறகு மல்டிமீட்டரின் பீப்பில் பக்கத்துப் பக்கத்துப் பேடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். பாகம் ஏறிய பின் ஷார்ட்டைத் தேடுவது பெரும் பாடு.

பெரிய போர்டைத் தொடுவதற்கு முன் ஓரத் துண்டு ஒன்றில் 0.35, 0.40, 0.45, 0.50 இடைவெளிகளில் 20 மி.மீ. நீளக் கோடுகள் வெட்டிப் பார். எது பிரிகிறது, எது ஒட்டி நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 0.45 ஒட்டினால் வெட்டு செம்பைத் தாண்டி இறங்கவில்லை, அல்லது மென்பொருளில் பிட்டின் அகலத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாய், இரண்டையும் பார். வெட்டு மிக அகலமாக வந்தால் பிட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கோலெட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டு.

மாற்றங்களைச் செய்து கெர்பரையும் (செம்பின் படம் உள்ள ஃபைல்) டிரில் ஃபைலையும் ஒரே ஒரிஜினில் (தொடக்கப் புள்ளியில்) எடு. ஃபிளாட்கேமில் திறந்து, பாதை எல்லாப் பேடுகளுக்கும் நடுவே ஓடுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. 78எல்05 பக்கத்தையும் சிப்பைச் சுற்றியுள்ள இடத்தையும் தனித்தனியாக எடு. இரவு ஒன்பதுக்குள் வந்தால் அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா