கோயில் கமிட்டி பெரியவங்களுக்கு, கிரகண நோட்டீஸ் விஷயமா

பெரியவங்களுக்கு வணக்கம். 2019 டிசம்பர் 26 காலைல நம்ம திண்டுக்கல் பக்கம் சூரியன் நெருப்பு வளையமா தெரிஞ்சுதே, அன்னிக்கு நீங்க ஒட்டுன நோட்டீஸ்ல நடை சாத்துற நேரத்துக்குக் கீழயே கர்ப்பிணிங்க வெளிய வரக்கூடாது, சாப்பிடக்கூடாது, தண்ணி குடிச்சாலும் பிள்ளைக்கு உதடு பிளந்துரும்னு போட்டிருந்தீங்க. என் தங்கச்சிக்கு அப்ப ஆறாம் மாசம். விடியறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி சாப்பிட்டவ, 11 மணி தாண்டி கிரகணம் விடுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல, தலைக்கு ஊத்தப் போன இடத்துலயே மயங்கி விழுந்துட்டா. பிள்ளை நல்லபடியா பொறந்துச்சு, ஆனா எங்கம்மா அன்னிக்கு அழுதது இன்னும் காதுல இருக்கு.

நடை சாத்துறதை நான் கேள்வி கேக்கல, நானும் கும்பிடுறவன்தான். காளஹஸ்தில கிரகணத்தப்பவும் நடை திறந்திருக்கும், நாம சாத்துறோம், ரெண்டுமே தப்பில்ல, அது அவங்கவங்க நம்பிக்கை. ஆனா தண்ணி குடிச்சா உதடு பிளக்கும்ங்கறது அந்த மாதிரி இல்லீங்க, அது உடம்பைப் பத்தின பேச்சு, உண்மையா பொய்யான்னு பார்த்துச் சொல்லிரலாம். பிள்ளைக்கு மேலுதடு கூடுறது ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சுரும், பிளவு வர்றதுன்னா பரம்பரை, சில மாத்திரை, புகைன்னு காரணம் வேற. ஆறாம் மாசத்துல குடிக்கிற தண்ணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்க நேரம் பார்க்குற பஞ்சாங்கத்தையே எடுத்துக்குங்க. 1825ல பாண்டிச்சேரில நம்ம பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் தரைல சோழிய அடுக்கி, வாய்ப்பாடெல்லாம் மனசுலயே வச்சு, சந்திர கிரகணத்தைக் கணிச்சதை ஜான் வாரன்ங்கற வெள்ளைக்காரர் எழுதி வச்சிருக்காரு, பிடிக்கிற நேரத்துல 4 நிமிஷம்தான் வித்தியாசம், விடுற நேரத்துல 52 நிமிஷம். எனக்கு அதைப் படிச்சப்ப அவ்வளவு பெருமையா இருந்துச்சு. எவ்வளவு தப்புன்னு நிமிஷக் கணக்கா சொல்ல முடிஞ்சாத்தானே திருத்த முடியும், பழைய வாய்ப்பாட்டை வச்சுக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அப்புறம், கணக்கைத் திருத்திப் போடுற திருக்கணிதப் பஞ்சாங்கம் வந்ததும் அப்படித்தானே. உங்க நோட்டீஸ்ல இருந்த அந்த வரியை யாரு எப்ப சரிபார்த்தாங்க?

நிஜமான ஆபத்து ஒண்ணு இருக்கு, அது நோட்டீஸ்ல இல்லவே இல்ல. வெறும் கண்ணால சூரியனைப் பார்த்தா விழித்திரை வெந்துரும், வலிகூட தெரியாது. அன்னிக்கு நம்ம தெருப் பசங்க எக்ஸ்ரே பிலிமை வச்சு பார்த்துட்டு நின்னாங்க, அதுவும் ஆபத்துதான்.

2031 மே 21 மதுரை, தேனிப் பக்கம் மறுபடி வளையம் தெரியும். நடை சாத்துற நேரம், பரிகார பூஜை எல்லாம் போடுங்க, கர்ப்பிணி வரியை எடுத்துட்டு, கிரகணம் பார்க்குறதுக்குன்னே இருக்குற கண்ணாடி இல்லாம சூரியனைப் பார்க்காதீங்கன்னு ஒரு வரி போடுங்க. தங்கச்சி மகளுக்கு அப்ப 11 வயசு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன், நீங்களும் வாங்க.