சீகைக்காடு காடாம், புல்வெளிக்குக் கணக்கே இல்லையாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பவானிசாகர் நீர்மட்டத்தை நீங்கள் தினமும் போடுகிறீர்கள், எங்கள் பக்கத்து டீக்கடையில் முதலில் படிக்கிற செய்தியும் அதுதான். 105 அடியில் இன்றைக்கு எத்தனை, வரத்து எவ்வளவு, வாய்க்காலில் எவ்வளவு விடுகிறார்கள் என்று எல்லோரும் பேசுகிறோம். அந்த வரத்தைக் கொடுக்கிற மலை எப்படி இருக்கிறது என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. கீழ்பவானியில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம், கோவைக்குப் பில்லூர் குடிநீர், வழியில் எத்தனையோ ஊர்கள், ஆலைகள், எல்லாமே அந்த மலையை நம்பித்தான்.

நீலகிரியின் உச்சியில், அப்பர் பவானி, முக்குருத்தி பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மடிப்புகளில் சோலை என்கிற குட்டையான பசுமைக்காடு, மேடெல்லாம் புல்வெளி. அங்கே இடுக்குகளில் இருக்கிற சதுப்பில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், கறுப்பு மண், ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கோடையிலும் தண்ணீர் சொட்டும். கொஞ்சம் தள்ளி, சீகை மரம் (வாட்டில் என்கிற அந்நிய மரம், சீயக்காய் அல்ல) அடர்ந்த சரிவுக்குள் நுழைந்தால் காலடியில் காய்ந்த சருகுதான், புல் கிடையாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையை முழுசாகத் தடுக்க எந்த மலையாலும் முடியாது, ஆனால் பெய்ததில் ஒரு பங்கை மண்ணுக்குள் வாங்கி, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் கசியவிடுவது இந்தப் புல்லும் சதுப்பும் சோலையும்தான். குந்தா நீர்மின் திட்டத்தில் அதே தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மின்நிலையங்களைச் சுற்றி மின்சாரம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பில்லூருக்கு வருகிறது.

இந்தப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் 1840-களிலேயே வந்தவை, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிட, கூழ் எடுக்க, விறகுக்கு என்று அரசே பரவலாக நட்டது. வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று பேசிப் பயனில்லை, அன்றைய தேவை அது. ஆனால் உதகையில் இருக்கிற மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையமே கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து ஓடைகளை வைத்து வருடக்கணக்கில் அளந்து பார்த்தது. புல்வெளியாகவே விட்ட ஓடையோடு ஒப்பிட்டால், கற்பூர மரம் நட்ட ஓடையில், நட்டு வெட்டுகிற முதல் சுற்றிலேயே சுமார் 16 சதவீதம் தண்ணீர் குறைந்தது. நம் ஊரில் நம் ஆட்கள் அளந்த கணக்கு இது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாட்டின் வனப்பரப்பை அளக்கும்போது, ஒரு ஹெக்டேர் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் மரவிதானம், அதாவது மரக்கிளைகளின் நிழல், இருந்தால் அது காடு. என்ன மரம் என்று பார்ப்பதில்லை. ஆகவே சீகைத்தோப்பு காடாகிவிடுகிறது, புல்வெளி ஆகவில்லை. 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரிப்பங்கைப் பிரிக்கும்போது காட்டுக்கும் சூழலுக்கும் 10 சதவீத எடை கொடுத்தது, நல்ல விஷயம், ஆனால் அதுவும் அடர்ந்த காட்டின் பரப்பைப் பார்த்துத்தான். அப்படியானால் சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்கிற மாநிலத்துக்குக் கணக்கில் காடு குறைகிறது! தண்ணீர் கொடுக்கிற நிலத்துக்கு மதிப்பு சைபர், தண்ணீர் குடிக்கிற தோப்புக்கு மதிப்பெண். இயற்கை மூலதனம், சூழல் சேவை என்று மாநாடுகளில் பேசுகிறவர்கள் முதலில் இந்த அளவுகோலைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பயன்படுத்துகிறவர்களிடமிருந்துதான் வர வேண்டும். இமாச்சலத்தில் பாலம்பூர் நகராட்சி, தனக்குத் தண்ணீர் தருகிற போஹல் ஊற்றின் மேல்பகுதிக் காட்டைப் பார்த்துக்கொள்ள மலைக்கிராமத்து மக்களுக்கு வருடாவருடம் ஒரு தொகை தர 2010-ல் ஒப்பந்தம் போட்டது. சின்ன ஊரால் முடிந்தது கோவை மாநகராட்சியால் முடியாதா? குடிநீர்க் கட்டணத்தில், ஆலைகளுக்கு விற்கிற தண்ணீரில், நீர்மின்சார வருமானத்தில் ஒரு சிறு பங்கை மலைக்கென்று எடுத்து வைக்கலாம். ஆயக்கட்டு விவசாயிகள் நாங்களும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், இதைச் சொன்னால் எங்கள் சங்கத்திலேயே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, வனத்துறையும் சில இடங்களில் வேலை செய்கிறது. ஆனால் சீகையை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் வேலை முடியாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் நாற்றங்கால் போல முளைக்கும். அதை வருடம் தவறாமல் பிடுங்க வேண்டும், அந்த மலைக்கே உரிய புல்லை நாற்று விட்டு நட வேண்டும், செங்குத்துச் சரிவில் ஒரேயடியாக மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் மண் முழுக்கப் பில்லூர் அணைக்குத்தான் வரும், அங்கே ஏற்கெனவே சேறு நிறையத் தேங்கிக் கிடக்கிறது. இதற்கெல்லாம் ஆள் வேண்டும், கூலி வேண்டும். எந்தப் புல் எங்கே வளரும் என்று நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்குத் தெரியும், புல்லால் கோயிலுக்குக் கூரை வேய்கிறவர்கள் அவர்கள். அவர்களையும் மற்ற மலைக்கிராமத்து மக்களையும் வைத்து, குறைந்தது பத்து வருடத்துக்குக் கூலி உறுதி செய்து இந்த வேலையைக் கொடுங்கள், வெட்டுகிற மரத்தை ஏலம் விட்டு வருகிற பணத்தைப் பொதுக் கஜானாவுக்குக் கொண்டுபோகாமல் அதே சரிவிலேயே செலவழியுங்கள்.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
கோபி வட்டம்