லான்கார்வன் அன்பர்களுக்கு எங்கள் நன்றி

வேல்ஸில் லான்கார்வன் கிராமத்துப் புனித கடோக் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் தனியே கடிதம் போட்டுவிட்டோம்; இது நம்மவர்களும் படிக்கட்டும் என்று.

கார்டிஃபிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஒரு வேன் நிறைய வந்திறங்கியும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. விளக்கு போட்டுக் காட்டி, தேநீரும் கொடுத்தீர்கள்.

சுவரோவியங்களை விளக்கிய பெரியவருக்குத் தனி நன்றி. குதிரைமேல் புனித ஜார்ஜ், காலடியில் டிராகன், ஆட்டுக்குட்டியோடு இளவரசி, கோட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் ராஜா ராணி. எங்கள் பையன்களுக்கோ, பகட்டாக உடுத்திய வாலிபனைப் பிடித்து இழுக்கும் எலும்புக்கூட்டின் மேல்தான் கண். 15-ஆம் நூற்றாண்டில் தீட்டியவை. இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்ட் (1547–1553) காலத்தில் ஆலயங்களில் உருவங்கள் கூடாதென்று ஆணை வர, சுண்ணாம்படித்து மறைத்துவிட்டார்கள். மறைக்க அடித்த அந்தச் சுண்ணாம்புதான் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது! 2008 வாக்கில் ஒரு மெல்லிய செங்காவிக் கோடு யார் கண்ணிலோ பட்டதே, அவருக்கு ஒரு கும்பிடு. அடுக்கடுக்கான பூச்சைச் சிறு கத்தியால் பொறுமையாகச் சுரண்டியெடுத்த வல்லுநர்களுக்கும்.

கொத்தனாரையும் மறக்கவில்லை. பழைய கற்சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், சுண்ணாம்புக் காரைதான் அதை வெளியே விடும் என்றார். எங்களோடு வந்த கட்டட மேஸ்திரி அவரைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டார். சலிக்காமல் பதில் சொன்னார்.

நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுவது எங்கும் உண்டு. ஏணி வைத்து ஏறிக் கூரைத் தகரக்கால்வாயில் அடைத்த இலையை அள்ளுகிறவர் பெயரை யாரும் வெட்டுவதில்லை. கால்வாய் அடைத்துத் தண்ணீர் சுவரில் இறங்கினால் ஓவியம் போச்சு. பெரிய நன்றி அவர்களுக்குத்தான்.

பிறகு பாட்ரிஷோ ஆலயத்துக்கும் போனோம். பிளாக் மலைத்தொடரில், அந்த ஒற்றைச் சந்தில், டிராக்டரைப் பின்னோக்கியே ஓட்டிப்போய் எங்களுக்கு வழிவிட்ட விவசாயி ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் வண்டி மேலேறியிருக்காது. 1500 வாக்கில் ஓக் மரத்தில் செதுக்கிய, மக்கள் நிற்கும் இடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் தடுப்பு, திராட்சைக் கொடியைக் கவ்வும் டிராகன்களோடு, வர்ணமே பூசாமல் இன்னும் நிற்கிறது.

பிள்ளைகள் வரைந்த டிராகன் படங்கள் தபாலில் வருகின்றன. ஒட்டுவதானால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், சுவரில் வேண்டாம்.

நன்றியுடன்,
அந்த வேனில் வந்தவர்கள்