பிள்ளைகளுக்கு மட்டுமா கீழ்ப்படிதல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை வளர்ப்பு என்று பேச்செடுத்தால் நம் தேவாலயங்களில் வேதாகமத்தின் எபேசியர் நிருபம் 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள், பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும், அதோடு சரி. பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் நாலாம் வசனத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

என் சின்ன மகளுக்குக் காதில் மருந்து விடவேண்டி இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளிடம், "குளிரும், கூசும், அப்பா பிடிச்சுக்கொண்டு இருப்பன்" என்று உள்ளதைச் சொன்னேன். வந்து மடியில் தலையைச் சாய்த்து, என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கிடந்தாள். பயம் போகவில்லை, ஆனால் அப்பா பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், பாடுகள் என்ற பாத்திரத்தின் கசப்பை அறிந்துகொண்டே, "அப்பா, பிதாவே" என்று கூப்பிட்டுத்தான் தம் சித்தத்தை விட்டுக்கொடுத்தார் என்கிறது மாற்கு சுவிசேஷம் 14ஆம் அதிகாரம். அந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பொலிஸ் பிடிக்கும், பேய் வரும் என்று வெருட்டி வளர்க்கும் பிள்ளை, கடவுளையும் அப்படித்தானே நினைக்கும்?

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலந்தொட்டு இங்கே பிள்ளைகளுக்கு வேதம் படிப்பித்து வருகிறோம். ஞாயிறு பாடசாலை நடக்கிற அதே நேரத்தில் பெற்றோரையும் ஒரு அறையில் இருத்தி அந்த நாலாம் வசனத்தைப் படிப்பிக்கும்படி போதகர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
கல்லடி, மட்டக்களப்பு.