நடுவராக உட்காரப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நடுவர் தேர்வில் தேறிவிட்டாய் என்று கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் ரொம்பச் சந்தோஷம். அடுத்த மாதம் சாண்டா போட்டியில், குத்தும் உதையும் பிடித்து வீழ்த்துவதும் சேர்ந்த அந்தச் சீனச் சண்டை விளையாட்டில், முதன்முதலாக மேடையோரம் இருந்து புள்ளி போடும் ஓர நடுவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன் சிலது சொல்லிவிடுகிறேன்.

காதை நம்பாதே. உதையைக் கையுறையால் தடுத்தால் 'பட்'டென்று சத்தம் வரும், கூட்டமும் கத்தும். ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது. மார்புக் கவசத்தில் சுத்தமாக இறங்கும் உதை பல நேரம் அவ்வளவு சத்தமே போடாது, அதற்குத்தான் 2 புள்ளி. கால் எங்கே போய்ப் பட்டது என்று மட்டும் பார். யாராவது முதுகு காட்டி மறைத்துவிட்டால், பார்க்காத அடிக்குப் புள்ளி போடாதே. அடுத்த பக்கத்து நடுவர் பார்த்திருப்பார். இருவரும் கட்டிப்பிடித்து விழும்போது யார் முதலில் தரையைத் தொட்டார் என்பதுதான் கணக்கு, பின்னால் விழுந்தவருக்கு 1 புள்ளி. அப்போது முகங்களைப் பார்க்காமல் இடுப்பையும் முட்டியையும் பார்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. தலைக்கவசம் தோல் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடி வாங்கியவர் மூலையிலிருந்து பயிற்சியாளர் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் நின்றாலோ, கால் பின்னினாலோ, பார்வை எங்கோ நிலைகுத்தினாலோ தலைமை நடுவரிடம் உடனே சொல். புது நடுவர் என்று கூச்சப்படாதே. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சண்டை அவ்வளவுதான். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்து மூளை வீங்கி உயிரே போன இளம் வீரர்கள் உண்டு. இறுதிச் சுற்றாக இருந்தாலும் சரி, பதக்கம் யாருக்குப் போனாலும் சரி.

எடை பார்க்கும் இடத்திலும் கண் வை. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி வரும் பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை குறைத்தவர்களாக இருக்கலாம். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் செத்தார்கள்.

அப்புறம், மேடை 80 சென்டிமீட்டர் உயரம், சுற்றிலும் மெத்தை. மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கணுக்கால் போய்விடும். காலையிலேயே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடு.

தீர்ப்புச் சொன்னதும் வீரர்கள் எதிர் மூலைக்குப் போய் அங்கிருக்கும் பயிற்சியாளருக்கும் முஷ்டி சேர்த்து வணக்கம் வைப்பார்கள். தோற்ற பையனின் தோளைத் தட்டி, எதிரணிப் பயிற்சியாளரே தண்ணீர் பாட்டிலை நீட்டுவதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான். அதற்கு நேரம் கொடு, அடுத்த ஜோடியைக் கூப்பிட அவசரப்படாதே.

சந்தேகமாக இருந்த புள்ளிகளை நோட்டில் குறித்து வை. முதல் நாள் முடிந்ததும் எத்தனை மணியானாலும் போன் பண்ணு, பேசுவோம்.

அன்புடன்,
அப்பா